பாலக்கீரையின் தைலகாய்டு சவ்வை கிராஃபைட்டில் ஒட்டி மின்னோட்டம் எடுத்த பதிவு

இலையிலிருந்து பிரித்த ஒளிச்சேர்க்கைப் புரதங்களை ஒரு மின்முனையில் ஒட்டி வெளிச்சம் காட்டினால் மின்னோட்டம் வரும். வீட்டு மேசையிலேயே இதைச் செய்துவிடலாம். வந்த மின்னோட்டம் அந்தப் புரதத்திலிருந்துதான் வந்தது என்று உறுதிசெய்வதில்தான் வேலை இருக்கிறது. விளக்கின் சூட்டிலும் மின்னோட்டம் ஏறும். கரைசலில் போட்ட வேதிப்பொருளே வெளிச்சம் பட்டு மாறும். விளக்கைப் போட்டு அணைக்கும்போது எழும் துடிப்பு, ஒயர் வழியாக அளவிடும் சுற்றுக்குள் நுழைந்துவிடும். இவை எல்லாமே திரையில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கோட்டைத்தான் வரைகின்றன. அதனால் இந்தப் பதிவில் கீரை அரைப்பதைவிட, இந்தச் சந்தேகங்களை ஒவ்வொன்றாக நீக்கிய விதத்துக்குத்தான் அதிக இடம் கொடுக்கிறேன்.

என்ன ஒட்டுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பசுங்கணிகத்துக்குள் இருக்கும் தைலகாய்டு சவ்வில் இரண்டு ஒளியமைப்புகள் வரிசையாக வேலை செய்கின்றன. ஒளியமைப்பு 2 நீரிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குகிறது. அதன் மையத்தில் உள்ள பி680 பச்சையம், ஒளியில் ஒரு எலக்ட்ரானை இழந்ததும் அதன் மின்னழுத்தம் சுமார் +1.2 வோல்ட்டுக்குப் போகிறது. நீரையே உடைக்கும் அளவுக்கு வலிமை அதற்கு அப்போதுதான் வருகிறது. நான்கு மாங்கனீசும் ஒரு கால்சியமும் சேர்ந்த சிறு கொத்து ஒன்று நீரைப் பிளந்து, இழந்த எலக்ட்ரானை நிரப்புகிறது. வெளிவந்த எலக்ட்ரான் பிளாஸ்டோகுவினோன், சைட்டோகுரோம் பி6எஃப், பிளாஸ்டோசயனின் என்று கைமாறி ஒளியமைப்பு 1-க்குப் போகிறது. அங்கே மையத்தில் உள்ள பி700 பச்சையம் இன்னொரு ஃபோட்டானை வாங்கி, அந்த எலக்ட்ரானை இரும்பு-கந்தகக் கொத்துகள் வரை ஏற்றிவிடுகிறது. அந்த முனை −0.5 வோல்ட்டுக்கும் கீழே இருக்கிறது. ஒளியமைப்பு 1 என்ற ஒரே புரதத்துக்குள் ஏறக்குறைய ஒரு வோல்ட் வித்தியாசம். உறிஞ்சிய ஃபோட்டான்களில் கிட்டத்தட்ட ஒவ்வொன்றும் ஒரு எலக்ட்ரானை நகர்த்துகிறது. மின்முனைக்காரர்கள் இந்தப் புரதத்தை விடாமல் துரத்துவதற்கு இதுவே காரணம்.

துரத்தல் பழையது. 1937-இல் ராபர்ட் ஹில், இலையிலிருந்து தனியாகப் பிரித்த பசுங்கணிகங்களுக்கு இரும்பு உப்பைக் கொடுத்து, ஒளியில் ஆக்சிஜன் வருவதைக் காட்டினார். செல் இல்லாமலே எலக்ட்ரானை வெளியே வாங்கலாம் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. 1985-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் எலியாஸ் கிரீன்பாம், பசுங்கணிகச் சவ்வின்மேல் பிளாட்டினத்தைப் படியவைத்தார். 2012-இல் எம்ஐடியின் ஆண்ட்ரியாஸ் மெர்ஷினும் டென்னசி பல்கலைக்கழகத்தின் பேரி புரூஸும் சேர்ந்த குழு, ஒளியமைப்பு 1-ஐ டைட்டானியம் டைஆக்சைடிலும் துத்தநாக ஆக்சைடிலும் பொருத்தி, சதுர சென்டிமீட்டருக்கு 362 மைக்ரோஆம்பியரும் அரை வோல்ட்டும் எடுத்தது. அதே ஆண்டு வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் கிளிஃபெலும் கேன் ஜென்னிங்ஸும் பி-வகை சிலிக்கான் மேல் அதே புரதத்தைப் படியவைத்து 850 மைக்ரோஆம்பியர் அளவைத் தொட்டார்கள். சாதாரண சிலிக்கான் சூரியத் தகடு முழு வெயிலில் சதுர சென்டிமீட்டருக்கு 35 மில்லிஆம்பியருக்கு மேல் தரும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மின்சாரக் கட்டணத்தைக் குறைக்க யாரும் இதில் இறங்குவதில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இலைக்குள் நடக்கும் ஒரு வேலையை ஒரு கம்பியில் அளக்க முடிகிறது என்பதுதான் என்னை இழுத்தது.

ஒளியமைப்பு 1-ஐத் தனியாகப் பிரிக்க, சவ்வைச் சோப்பு போன்ற வேதிப்பொருளால் கரைத்து, நிரல் வழியாகவோ அதிவேக சென்ட்ரிஃப்யூஜிலோ பிரிக்க வேண்டும். அது என் மேசையில் நடக்காது. முழு தைலகாய்டு சவ்வையே எடுத்துக்கொண்டால் இரண்டு ஒளியமைப்புகளும் இயற்கையான வரிசையிலேயே கிடைக்கும், எலக்ட்ரான் நீரிலிருந்தே வரும், வேறு எலக்ட்ரான் மூலம் எதுவும் ஊற்ற வேண்டாம். அதைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

இலைக்கு வருவோம். ஆய்வுகளில் வழக்கமாக வரும் ஸ்பினாச், ஸ்பினேசியா ஒலரேசியா என்ற செடி. நம் சந்தையில் பாலக்கீரைக் கட்டாகக் கிடைப்பது பெரும்பாலும் பீட்ரூட்டின் இனமான பீட்டா வல்காரிஸில் ஒரு வகை. அதனால் எந்தக் குறையும் இல்லை. பச்சையத்தை அளக்க இன்றைக்கும் எல்லோரும் பயன்படுத்தும் ஆர்னன் சமன்பாடு வந்த 1949-ஆம் ஆண்டு ஆய்வே பீட்டா வல்காரிஸ் பசுங்கணிகங்களில் செய்ததுதான். முளைக்கீரை, சிறுகீரை வகைகளையும் அரைத்துப் பார்த்தேன். இவை சி4 செடிகள். பசுங்கணிகங்களில் ஒரு பங்கு நரம்பைச் சுற்றியுள்ள தடித்த செல்களுக்குள் இருப்பதால், மிக்ஸியில் சில நொடி அரைப்பில் அது சக்கையோடே போய்விடுகிறது. பாலக்கில் விளைச்சல் நன்றாக இருந்தது.

வாங்கிய கீரையை நரம்பு நீக்கி, கழுவி, ஈரத்துணியில் சுற்றி ஓர் இரவு ஃபிரிட்ஜில் இருட்டில் வைக்க வேண்டும். பகலில் சேர்ந்த ஸ்டார்ச் மணிகள் அதற்குள் கரைந்துவிடும். அவை இருந்தால் சென்ட்ரிஃப்யூஜில் சுழலும்போது பசுங்கணிகத்தை உள்ளிருந்தே கிழித்துவிடும். அரைக்கும் கரைசல் இது: 0.4 மோலார் சர்க்கரை, அதாவது லிட்டருக்கு 137 கிராம். பிஎச் மாறாமல் தாங்க 50 மில்லிமோலார் ட்ரைசின், பிஎச் 7.8, 10 மில்லிமோலார் சாதாரண உப்பு, 5 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைடு, இலைச்சாறு பழுப்பாகாமல் இருக்க 10 மில்லிமோலார் சோடியம் அஸ்கார்பேட். மிக்ஸி ஜாரையும் கரைசலையும் பனிக்கட்டி போல குளிரவைத்து, இரண்டு மூன்று முறை சில நொடிகள் மட்டும் ஓட்டினேன். நீண்ட நேரம் ஓட்டினால் அதிகப் பச்சை கிடைக்கும். சூடும் ஏறும், சவ்வும் சிதையும். நான்காக மடித்த பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன்.

ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கும் நண்பர் தன் சிறிய சென்ட்ரிஃப்யூஜை மாலை வேளையில் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார். 10 சென்டிமீட்டர் ஆரத்தில் நிமிடத்துக்கு 4,000 சுற்று என்றால் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 1,800 மடங்கு. பசுங்கணிகம் படிய அது போதும். முதலில் மெதுவாக ஒரு நிமிடம் சுழற்றி மணலையும் இலைத்துணுக்கையும் கழித்துவிட்டு, மேலே நின்ற பச்சை நீரை முழு வேகத்தில் பத்து நிமிடம் சுழற்றினேன். அடியில் படிந்ததைச் சர்க்கரை இல்லாத, மக்னீசியம் மட்டும் உள்ள கரைசலில் கலக்கினால் பசுங்கணிகத்தின் வெளியுறை நீரை உறிஞ்சி வெடித்து, உள்ளே இருக்கும் தைலகாய்டு வெளியே வரும். மறுபடி படியவைத்து, சர்க்கரைக் கரைசலில் மிகக் குறைந்த அளவில் கலக்கி எடுத்தால் கரும்பச்சைக் குழம்பு கிடைக்கும். இந்தக் கழுவும் கரைசல்களில் அஸ்கார்பேட் சேர்க்கக் கூடாது. அஸ்கார்பேட் மின்முனையில் தானே எலக்ட்ரானைக் கொடுக்கும். கொஞ்சம் மிஞ்சினாலும் இருட்டிலேயே பெரிய மின்னோட்டம் ஓடி, ஒளியால் வரும் சிறிய ஏற்றத்தை மூழ்கடித்துவிடும். கடைசி முறை கழுவியபின் இன்னும் ஒரு முறை கழுவுவது என்பதை விதியாகவே வைத்துக்கொண்டேன்.

பச்சையத்தை அளக்காமல் எந்த ஒப்பீடும் செய்ய முடியாது. 20 மைக்ரோலிட்டர் குழம்பை 80 சதவீத அசிட்டோனில் 5 மில்லிலிட்டராக்கி, வடிகட்டி, 652 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பார்த்து 34.5-ஆல் வகுத்தால் மில்லிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று வரும். எனக்கு ஒளி உறிஞ்சல் 0.41 வந்தது. 250 மடங்கு நீர்த்ததைத் திரும்பப் பெருக்கினால், மில்லிலிட்டருக்குச் சுமார் 3 மில்லிகிராம் பச்சையம்.

மின்முனைக்கு மின்சாரம் கடத்தும் ஃப்ளோரின் கலந்த டின் ஆக்சைடு கண்ணாடியும் இருந்தது, வளையும் கிராஃபைட் தகடும் இருந்தது. கிராஃபைட்டையே எடுத்தேன். மலிவு என்பது ஒரு காரணம். ஆக்சைடுகள் தாமே ஒளிக்குப் பதில் சொல்லக்கூடியவை, கிராஃபைட்டில் அந்தச் சந்தேகம் குறைவு என்பது முக்கியமான காரணம். உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, எத்தனாலில் துடைத்து, ஒரு சதுர சென்டிமீட்டர் மட்டும் திறந்திருக்கும்படி சுற்றிலும் எபாக்சி பூசினேன். கிராஃபைட் தகட்டின் விளிம்பு கரைசலை உறிஞ்சிக்கொண்டு மேலே ஏறி, கவ்வியைத் தொட்டுவிடும். விளிம்பை அடைப்பது அழகுக்கான வேலை இல்லை.

ஒட்டுவதற்குச் சோடியம் ஆல்ஜினேட். இரண்டு சதவீதக் கரைசலைத் தைலகாய்டு குழம்போடு சம அளவில் கலந்து, 20 மைக்ரோலிட்டரை அந்தச் சதுரத்தில் பரப்பி, 50 மில்லிமோலார் கால்சியம் குளோரைடில் முக்கினால் சில நிமிடங்களில் பாலாடை மாதிரி மெல்லிய பச்சைப் படலமாக உறைந்துவிடும். இந்தப் படலத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 30 மைக்ரோகிராம் பச்சையம் இருக்கிறது. ஃபாஸ்பேட் தாங்கல் கரைசலை இங்கே பயன்படுத்த முடியாது. கால்சியம் பாஸ்பேட்டாக வீழ்படிந்து படலம் நொறுங்கும். ட்ரைசினைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மின்னழுத்தத்தை எதற்கு எதிராக அளக்கிறோமோ அந்த ஒப்பீட்டு மின்முனைக்கு நகைப் பட்டறையில் தூய வெள்ளிக் கம்பியாகக் கேட்டு வாங்கினேன். செம்பு கலந்தது உதவாது. அதை பிளீச்சிங் திரவத்தில் வைத்தால் சாம்பலும் ஊதாவுமாக வெள்ளி குளோரைடு படியும். நிறைவுற்ற பொட்டாசியம் குளோரைடும் அடியில் அகர் அடைப்பும் உள்ள குழாயில் அதைச் செருகினேன். சுற்றை முடிக்கும் மூன்றாவது மின்முனைக்கு ஒரு பிளாட்டினம் கம்பி.

சுற்றில் இரண்டு விஷயங்கள் மட்டும் சொல்கிறேன். மின்னோட்டத்தை மின்னழுத்தமாக மாற்றும் ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சில்லு, தன் உள்ளீட்டில் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். கடையில் உடனே கிடைக்கும் எல்எம்358 பத்துக் கணக்கில் நானோஆம்பியர் இழுக்கும். அளக்கப்போகும் மின்னோட்டமே சில சமயம் அவ்வளவுதான். எம்சிபி6002 ஒரு பிகோஆம்பியர் அளவில்தான் இழுக்கும், 5 வோல்ட்டில் ஓடும். அதன் பின்னூட்டத்தில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் போட்டால், ஒரு மைக்ரோஆம்பியர் ஒரு வோல்ட் ஆகிவிடும். கூடவே 100 நானோஃபாரட் கெபாசிட்டர் இணையாகப் போட்டால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அடங்கும். ஏடிஎஸ்1115 என்ற 16-பிட் மாற்றி எண்களை அர்டுயினோவுக்குத் தரும். 2.048 வோல்ட் வரம்பில் அதன் ஒரு படி, இந்தச் சுற்றில் 62.5 பிகோஆம்பியர். முழு அமைப்பையும் தகர பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, டின்னைச் சுற்றின் தரையோடு இணைத்தேன். மின்னோட்டம் 2 மைக்ரோஆம்பியரைத் தாண்டும் அளவீடுகளுக்கு மட்டும் ரெசிஸ்டரை 220 கிலோஓமாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

சரி, இனி வெளிச்சம். செடி வளர்க்க விற்கும் 660 நானோமீட்டர் சிவப்பு எல்இடி, 3 வாட், சூடு கடத்தும் அலுமினியத் தட்டோடு. சிவப்பை எடுத்ததற்குக் காரணம் பச்சையம் அதை நன்றாக உறிஞ்சுகிறது என்பது மட்டுமில்லை. எலக்ட்ரானைச் சவ்விலிருந்து மின்முனைக்குச் சுமக்கும் தூதுப் பொருளாக நான் போடப்போகும் பொட்டாசியம் ஃபெரிசயனைடு மஞ்சள் நிறம். 420 நானோமீட்டர் பக்கம் நீல ஒளியை உறிஞ்சும். வெள்ளை எல்இடியில் நீலம் நிறைய இருக்கிறது. வெள்ளை ஒளியில் கீரையே இல்லாத வெற்று மின்முனையிலும் 0.1 மைக்ரோஆம்பியர் அளவுக்கு ஏற்றம் தெரிந்தது. சிவப்பில் அது 0.02-க்கு இறங்கியது. இந்த வகைச் சோதனைகளில் சிவப்பைத் தவிர வேறு எந்த விளக்கையும் முதலில் எடுக்காதீர்கள் என்பேன்.

தூதுப் பொருள் எதற்கு என்றால், சவ்வில் இருக்கும் புரதம் மின்முனையைத் தொட்டுக்கொண்டு நிற்பதில்லை. எலக்ட்ரான் புரதத்துக்குள் தாவக்கூடிய தூரம் சுமார் 14 ஆங்ஸ்ட்ராம். அதற்கு மேல் போனால் வேகம் பல மடங்கு சரிந்துவிடும். தைலகாய்டு அடுக்குகளில் ஒளியமைப்பு 2 பெரும்பாலும் அடுக்கின் உட்பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிய சவ்வுகளுக்கு நடுவே இருக்கிறது. மின்முனைக்கு அது வெகுதூரம். தூது இல்லாமல் அளந்தபோது கிடைத்தது 0.04 மைக்ரோஆம்பியர், வெற்று மின்முனையின் ஏற்றத்திலிருந்து பிரித்துச் சொல்லவே கடினம். ஒரு மில்லிமோலார் ஃபெரிசயனைடு சேர்த்து, மின்முனையை வெள்ளி/வெள்ளி குளோரைடுக்கு எதிராக +0.4 வோல்ட்டில் பிடித்து, இருட்டு மின்னோட்டம் தணியும்வரை பொறுத்திருந்து விளக்கைப் போட்டேன். கோடு சட்டென்று செங்குத்தாக ஏறவில்லை. ஓரிரு நொடிகள் வளைந்து ஏறி 1.5 மைக்ரோஆம்பியரில் நின்றது. அணைத்ததும் அதே மாதிரி வளைந்து இறங்கியது. ஃபெரிசயனைடு படலத்துக்குள் போய் எலக்ட்ரானை வாங்கி, ஃபெரோசயனைடாக மின்முனைக்கு வந்து சேர எடுக்கும் நேரம் அந்த வளைவில் தெரிகிறது. ஒயர் வழியாக வரும் துடிப்பு இப்படி வளையாது. ஊசி மாதிரி குத்திட்டு நிற்கும். அதை ஒழிக்க எல்இடிக்கு முன்னால் தரையிணைப்பு கொடுத்த கம்பி வலை ஒன்று வைத்திருந்தேன்.

இனி சந்தேகங்கள். முதலாவது சூடு. 660-க்குப் பதிலாக அதே இடத்தில் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடியை வைத்தேன். பச்சையம் அதைத் தொடுவதே இல்லை. நீரோ சிவப்பு ஒளியைவிட இதை அதிகம் உறிஞ்சிச் சூடாகும். மின்னோட்டத்தில் மெதுவான, மிகச் சிறிய சரிவு ஏற்றம் மட்டுமே தெரிந்தது. வளைந்து ஏறி நிற்கும் அந்த வடிவம் இல்லை. சூடு கழிந்தது.

இரண்டாவது, வெறும் பச்சை நிறமே இதைச் செய்கிறதா? குழம்பில் ஒரு பங்கைக் கொதிக்கும் நீரில் சில நிமிடம் வைத்து எடுத்து, அதே அளவில் படலமாக்கினேன். நிறம் கொஞ்சம் மங்கியதே தவிர, பச்சையாகத்தான் இருந்தது. மின்னோட்டம் 0.1 மைக்ரோஆம்பியருக்கு விழுந்துவிட்டது. இந்த ஒரு அளவீடு எனக்கு மிகவும் பிடித்தது. பச்சையத்தின் அளவு அப்படியே இருக்கிறது, உறிஞ்சும் ஒளியும் பெரிதாக மாறவில்லை. புரதம் அந்தப் பச்சையங்களைச் சரியான இடைவெளியில், சரியான கோணத்தில் பிடித்துவைத்திருந்த ஏற்பாடு மட்டும் போய்விட்டது. அதோடு மின்சாரமும் போய்விட்டது.

மூன்றாவதுதான் தீர்ப்பான சோதனை. டையூரான் என்ற களைக்கொல்லியை ஆய்வகத்தில் டிசிஎம்யூ என்பார்கள். ஒளியமைப்பு 2-இல் பிளாஸ்டோகுவினோன் வந்து உட்காரும் இடத்தில் இது போய் உட்கார்ந்துகொண்டு எலக்ட்ரான் போகும் வழியை அடைத்துவிடும். வயலில் களை சாவதும் இப்படித்தான். மக்காச்சோளத்துக்கு அடிக்கும் அட்ரசினும் இதே இடத்தைத்தான் பிடிக்கிறது. அந்த இடத்தைத் தாங்கும் டி1 என்ற ஒளியமைப்பு 2 புரதத்தில் 264-ஆவதாக உள்ள அமினோ அமிலமான செரின் கிளைசினாக மாறிய களைகள் அட்ரசினுக்கு அசையாமல் நிற்பதற்கு அதுவே காரணம். உரக்கடையில் விற்கும் டையூரான் பொடியை இந்தச் சோதனைக்கு எடுக்கக் கூடாது. அதில் களிமண்ணும் கலக்கும் பொருட்களும் உண்டு. சவ்வை அவையே கெடுத்தால், மின்னோட்டம் விழுந்ததற்கு என்ன காரணம் என்று சொல்ல முடியாது. கல்லூரி ஆய்வகத்திலிருந்து கிடைத்த தூய டையூரானை எத்தனாலில் கரைத்து வைத்துக்கொண்டேன். முதலில் வெறும் எத்தனாலை அதே அளவு ஊற்றினேன், மின்னோட்டம் அசையவில்லை. பிறகு 10 மைக்ரோமோலார் வரும்படி டையூரான். விளக்கு எரிந்துகொண்டே இருக்க, ஓரிரண்டு நிமிடங்களில் 1.5 மைக்ரோஆம்பியர் படிப்படியாகச் சரிந்து 0.2-க்கு வந்துவிட்டது. நீரிலிருந்து கிளம்பி ஒளியமைப்பு 2 வழியாக வந்த எலக்ட்ரான்களைத்தான் இதுவரை அளந்துகொண்டிருந்தோம் என்று சொல்ல இதைவிட நேரான சாட்சி கிடையாது.

இதற்கு மேல் 730 நானோமீட்டர் எல்இடியையும் வைத்துப் பார்த்தேன். அந்தத் தொலைசிவப்பு ஒளி ஒளியமைப்பு 1-ஐ மட்டும் கிளப்பும், 2-ஐக் கிட்டத்தட்ட விட்டுவிடும். சிவப்பில் வந்ததில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வந்தது. பின்னால் இருந்து எலக்ட்ரான் வராதபோது முன்னால் இருப்பது மட்டும் ஓடிப் பயனில்லை. 1950-களில் ராபர்ட் எமர்சன் பாசிகளில் ஆக்சிஜனை அளந்து கண்ட சங்கதி, இங்கே மைக்ரோஆம்பியராகத் தெரிகிறது.

சந்தேகங்கள் தீர்ந்தபின்தான் மின்னோட்டத்தைக் கூட்டும் வேலைக்குப் போனேன். ஈயம் பூசுகிறவர்கள் பாத்திரத்தில் தேய்க்கும் நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு, இங்கே அருமையாக உதவுகிறது. எலக்ட்ரான் ஓடும்போது தைலகாய்டுக்குள் புரோட்டான்கள் சேர்ந்துகொண்டே போகும். அந்த அழுத்தம் ஏற ஏற எலக்ட்ரான் ஓட்டமே மெதுவாகும். அம்மோனியா சவ்வுக்குள் புகுந்து புரோட்டானைப் பிடித்துக்கொண்டு அந்த அழுத்தத்தைத் தணித்துவிடும். ஆய்வகத் தரமான நவச்சாரம் 5 மில்லிமோலார் சேர்த்ததும் 1.5 மைக்ரோஆம்பியர் 2.6 ஆனது. சவ்வு முழுதாக, ஓட்டை இல்லாமல் இருந்தால்தான் இந்த ஏற்றம் வரும். அதனால் சவ்வின் நலத்தைப் பார்க்கவும் இது நல்ல சோதனை. அதிகமாக அரைத்த தொகுதியில் நவச்சாரம் எந்த மாற்றத்தையும் தரவில்லை. அங்கே அழுத்தமே சேரவில்லை.

2.6 மைக்ரோஆம்பியர் என்பது எவ்வளவு? கரைசலில் கலக்கிய நல்ல தைலகாய்டு, ஒரு மில்லிகிராம் பச்சையத்துக்கு மணிக்கு 200 மைக்ரோமோல் எலக்ட்ரான் தரும் என்று வைத்துக்கொள்வோம். இது அதிகமான எதிர்பார்ப்பு இல்லை. என் படலத்தில் 0.03 மில்லிகிராம். மணிக்கு 6 மைக்ரோமோல், நொடிக்கு 1.67 நானோமோல். ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டமான ஃபாரடே மாறிலியால் பெருக்கினால் 160 மைக்ரோஆம்பியர் வருகிறது. எனக்குக் கிடைத்தது அதில் இரண்டு சதவீதம்கூட இல்லை. ஒளி போதவில்லையா என்று பார்க்க விளக்கின் தூரத்தை இரண்டு மடங்காக்கினேன். ஒளி பெருமளவு குறைந்தும் மின்னோட்டம் கொஞ்சம்தான் குறைந்தது. ஆகவே தடை ஒளியில் இல்லை. புரதம் எலக்ட்ரானோடு காத்திருக்கிறது. அதை மின்முனைவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிதான் குறுகல். பெரிய ஆய்வகங்கள் கார்பன் நானோகுழாய், துளைகள் நிறைந்த இண்டியம் டின் ஆக்சைடு, ஆஸ்மியம் கோத்த பாலிமர் என்று மின்முனைப் பக்கத்திலேயே ஏன் இத்தனை உழைப்பைக் கொட்டுகின்றன என்பது இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

ஆயுள் குறைவு. தொடர்ந்து ஒளி பட்டால் அரை மணி நேரத்துக்குள் மின்னோட்டம் பாதிக்கு வந்துவிடுகிறது. வலுவான ஒளியில் டி1 புரதம் இலைக்குள்ளேயே ஓயாமல் கெட்டுக்கொண்டுதான் இருக்கும். செடி அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்து மாட்டிக்கொள்ளும். பிரித்தெடுத்த சவ்வுக்கு அந்தப் பட்டறை கிடையாது. ஒளியைக் குறைத்தால் ஆயுள் நீள்கிறது. 2022-இல் கேம்பிரிட்ஜில் கிறிஸ்டோபர் ஹோவின் குழு ஒரு சிறு நுண்செயலியை ஆறு மாதத்துக்கு மேல் ஓட்டியபோது, அவர்கள் தனிப் புரதத்தை எடுக்கவில்லை. உயிருள்ள நீலப்பச்சைப் பாசியையே வைத்தார்கள். பழுது பார்க்கும் வேலையைப் பாசி செய்துகொண்டது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன எண்கள் எல்லாம் வெளியிலிருந்து +0.4 வோல்ட் கொடுத்து அளந்தவை. அது மின்னோட்டத்தை அளக்கும் முறை, மின்கலம் ஆகாது. வெளி மின்னழுத்தத்தை எடுத்துவிட்டு, பிளாட்டினத்தைக் காற்று ஊதிய தனி அறையில் வைத்து, இடையில் 100 கிலோஓம் சுமை போட்டபோது, ஒளியில் 20 மில்லிவோல்ட் கூடியது. 4 நானோவாட். இவ்வளவு குறைவாக வருவதற்கு ஃபெரிசயனைடே பெரிய காரணம். ஒளியமைப்பு 1 எலக்ட்ரானை −0.5 வோல்ட் வரை ஏற்றி வைக்கிறது. ஃபெரிசயனைடு அதை +0.4 வோல்ட் பக்கத்தில் வாங்கிக்கொள்கிறது. நடுவில் இருந்த 0.9 வோல்ட் வெப்பமாகப் போகிறது. −0.45 வோல்ட்டில் வேலை செய்யும் மெத்தில் வயலோஜென் இதற்குப் பொருத்தமான தூது. ஆனால் அதுதான் பாராகுவாட் களைக்கொல்லி. உள்ளே போனால் முறிமருந்து கிடையாது. வீட்டு மேசையில் அதைத் திறக்க மாட்டேன். இதைப் படித்து முயல்கிறவர்களும் திறக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். ஃபெரிசயனைடு அந்த அளவுக்கு ஆபத்தானதில்லை என்றாலும், அதன் கழிவை அமிலத்தோடு சேர்க்கக் கூடாது. தனிப் புட்டியில் சேர்த்து, கல்லூரி ஆய்வகக் கழிவோடு கொடுத்துவிடுகிறேன்.

அடுத்து மாற்றப்போவது படலத்தை. ஆல்ஜினேட்டில் கார்பன் பிளாக் தூளைக் கலந்தால் மின்முனையே படலத்துக்குள் நீளும். ஃபெரிசயனைடு நடக்க வேண்டிய தூரம் குறையும். கருமை கூடினால் ஒளி உள்ளே போகாது என்பதால் எவ்வளவு கலப்பது என்பதைப் படிப்படியாகத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கலவைக்கும் கொதிக்க வைத்த படலம் ஒன்றும் டையூரான் ஓட்டம் ஒன்றும் கூடவே செய்யப்படும்.